நனையாத கை

இலையின் நுனி இடது பக்கம் இருக்கிறது. காலையில் அறுத்த இலை, நடு நரம்பை விரலால் அழுத்தினால் நொறுக்கென்று சின்னதாக ஒரு சத்தம் வருகிறது. நேற்று அறுத்த இலை சத்தம் போடாது, வளைந்து கொடுக்கும். ஒரு சாப்பாட்டுக் கடையைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று மதினியிடம் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, மதினிக்கு இன்னும் என் மேல் கோபம் தீரவில்லை. நாலுவழிச் சாலையிலேயே போயிருந்தால் கோவில்பட்டியில் குளிர்சாதன ஓட்டல் இருந்திருக்கும், கழுவித் துடைத்த கழிப்பறை இருந்திருக்கும், பட்டுச்சேலையில் கரி ஒட்டாத நாற்காலி இருந்திருக்கும் என்பது அவள் கட்சி. காரை ஓட்டுகிறவள் நான். மானூர் தாண்டியதும் உள்ரோட்டில் திருப்பிவிட்டேன். தை மாதத்தில் கரிசல் காட்டுக்குள் போகிற ரோட்டை விட்டுவிட்டு யாராவது நாலுவழிச் சாலையில் போவார்களா, இரண்டு பக்கமும் உளுந்து காய்த்துக் கிடக்கிறது, மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கிறது, கண்மாயில் தண்ணீர் இருக்கிறது, நாரை நிற்கிறது. அண்ணன் எதையும் பார்க்காமல் பசிக்கிறது பசிக்கிறது என்றே வந்தான். அவனுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் விரல் நடுங்கும். கரிசலூரணி வரட்டும், நான் ஒரு கடை காட்டுகிறேன், அதில் சாப்பிட்ட பிறகு நீங்கள் வேறு கடைப் பேச்சையே எடுக்கமாட்டீர்கள் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது. இருக்கட்டும். விதைக் கம்பெனி வேலையில் சோதனை வயல்களைப் பார்த்துக்கொண்டு இந்த மாவட்டத்தின் மண்ரோடு வரைக்கும் சுற்றியவள் நான். எந்த ஊரில் எந்த நேரத்துக்கு எந்தச் சட்டியைத் திறப்பார்கள் என்று எனக்குத் தெரியும். புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே கிடைக்கிற டீயும் தெரியும், திருப்புடைமருதூரில் நாரைகள் கூட்டுக்குத் திரும்புகிற பொழுதில் எந்தப் படித்துறையில் உட்கார்ந்தால் தலையில் எச்சம் விழாது என்பதும் தெரியும். பெருமைப்பட உரிமை உண்டு.

நாலு மணிக்குக் கழுகுமலையில் இருக்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறார்கள் என்று சொல்லக்கூடாது, அவர்களும் சாமி கும்பிட வருவார்கள், நாங்களும் சாமி கும்பிட வருவோம், பிரகாரத்தில் எதேச்சையாகச் சந்தித்துக்கொள்வோம். பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று இரண்டு குடும்பமும் திரும்பிப் போய்விடலாம். இது நல்ல ஏற்பாடு. நாற்பதை நெருங்குகிற பெண்ணை வீட்டு நடுக்கூடத்தில் காபித் தட்டோடு நிறுத்துவதற்கு இது எவ்வளவோ மேல். மாப்பிள்ளை பெயர் உலகநாதன், இந்தப் பக்கத்துக்காரர், சொந்தத் தொழில், மனைவி மஞ்சள்காமாலையில் இறந்து வருஷங்களாகிறது, பிள்ளை இல்லை, ஓர் அக்கா உண்டு. தரகர் இவ்வளவுதான் சொன்னார், நானும் இவ்வளவுதான் கேட்டேன். போட்டோ கொடுத்தார், வேண்டாம் என்றேன், நேரில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். போட்டோவில் கடை முகப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஏமாந்த கடைகள் எத்தனையோ. என் போட்டோவை மட்டும் மதினி கொடுத்தனுப்பினாள், காருக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது, கார்தான் அதில் நன்றாக விழுந்திருக்கிறது.

தண்ணீர் தெளித்தாயிற்று. பரிமாறுகிற கை வருகிறது. எனக்கு இந்தக் கடையில் இந்தக் கையைத்தான் தெரியும். பெருவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே பழைய தீப்புண் தழும்பு, வழுவழுப்பாக, பால் காய்ந்த மாதிரி. எல்லாக் கடையிலும் அப்படித்தான், உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்குப் பரிமாறுகிறவனுடைய கை கண் மட்டத்தில் இருக்கும், முகம் மேலே எங்கேயோ இருக்கும். இந்தக் கை இலைக்கு மேலே அலையாது, சொட்டாது, கூட்டை வைத்த இடத்தில் கூட்டு நிற்கும். இவனை எல்லோரும் தம்பி என்பார்கள், ஏனென்றால் உள்ளே சமைக்கிற முத்துப்பேச்சி அக்கா தம்பி என்று கூப்பிடுவாள், அந்தக் குரலைக் கேட்ட பிறகு வேறு பெயர் வைத்துக் கூப்பிட யாருக்கும் தோன்றாது. முத்துப்பேச்சி அக்கா என்னைக் கண்டதும் வழக்கமாக ஏதாவது சொல்லுவாள். கம்பெனிக்காரி வந்துட்டா, குழம்புல தண்ணி ஊத்து என்பாள். ஒனக்கு வீடு வாசல் கெடையாதா, ரோட்டுலயே பொறந்தியா என்பாள். நானும் சும்மா இருக்கமாட்டேன். அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு வீட்டுக்கடையில் பாகற்காய்த் தீயலைத் தேங்காய் கறுக்க வறுத்து அரைத்து வைக்கிறார்கள், உங்கள் குழம்பு அதன் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பேன். சோறும் பேச்சுமாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போவேன். அக்கா அடுப்படியிலிருந்து பழிப்பாள், தம்பி பேசமாட்டான். ஒருநாள் அந்தத் தீயல் இந்த இலையில் வந்தது. ஒரு வாய் வைத்துவிட்டுத் தேங்காய் கருகியிருக்கிறது, கறுக்க வறுப்பது வேறு கருகுவது வேறு என்று சொன்னேன். அந்தக் கை தீயலை எடுத்துக்கொண்டு போனது. சில வாரம் கழித்து மறுபடி வந்தபோது தீயல் மறுபடி வந்தது, சரியாக இருந்தது, சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு.

இன்றைக்கு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. நான் படியேறினபோது அடுப்படி வாசலில் நின்றாள், என்னைப் பார்த்தாள், என் பின்னால் வந்த அண்ணனையும் மதினியையும் பார்த்தாள், அரிவாள்மணையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். கட்டியிருந்தது பட்டு, அதன் மேல் ஒரு பழைய துண்டைச் சுற்றியிருந்தாள், தலையில் பூ. தை வெள்ளி என்று நினைத்துக்கொண்டேன். தை வெள்ளிக்கு யார்தான் பூ வைக்கமாட்டார்கள். கரும்பலகையில் மாலை கடை இல்லை என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தது, அதையும் தை வெள்ளியின் கணக்கிலேயே சேர்த்தேன். எனக்கு எல்லாக் கடையும் தெரியும் என்று நினைக்கிறவளுக்கு வருகிற குருட்டுத்தனம் இது. சோறு வந்தது, பருப்பும் நெய்யும் வந்தது, கொள்ளு வறுத்து அரைத்த கானத்துவையல் ஓர் உருண்டை, அவரைக்காய்க் கூட்டு, அப்பளம். அண்ணன் அப்பளத்தை உடைத்து வாயில் போட்டுவிட்டான், ஆள்காட்டி விரலால் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டான். மதினி சேலைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு கையை நீட்டினாள். நான் சோற்றில் குழி பறிக்கப் போனேன். அப்போதுதான் எதிர்ப் பெஞ்சில் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்ட டிராக்டர்காரர் கொம்பையா, இந்தக் கடையில் அவரை நான் பார்க்காத நாளில்லை, பரிமாறிக்கொண்டிருந்தவனை நிமிர்ந்து பார்த்து, என்றைக்குமில்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார்.

"என்னலே உலகநாதா, மூஞ்சி இன்னைக்கு வெளக்குன செம்பு மாதிரி இருக்கு. சாயங்காலம் கழுகுமலையில பொண்ணு பாக்கப் போறியாமே. பாளையங்கோட்டைப் பொண்ணாம், காரெல்லாம் ஓட்டுமாம்லா?"

சொல்லி முடிக்கும்போது அவர் பார்வை வாசலுக்குப் போனது, அங்கே என் கார் நின்றது, பார்வை திரும்பி என் மேல் வந்தது, வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றுவிட்டது. என் இலைக்கு மேலே கரண்டி நிற்கிறது. சொட்டாத கை, இப்போது குழம்பு சொட்டுகிறது, சோற்றின் ஓரத்தில் ஒரு சொட்டு, இலையின் ஓரத்தில் ஒரு சொட்டு. நான் முதன்முறையாக நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். புதிதாகச் சவரம் செய்த தாடை, காதோரம் நரை, கண்கள் என்னைப் பார்க்காமல் கரண்டியையே பார்க்கின்றன. இவன் அதிர்ச்சி அடையவில்லை. இவனுக்குத் தெரிந்திருக்கிறது. போட்டோ வந்த அன்றைக்கே தெரிந்திருக்கும், காரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். அதனால்தான் கோயிலில் சந்திக்கலாம் என்று அவர்கள் பக்கமிருந்து சொல்லியனுப்பினார்களா. நான் வேண்டாம் என்று திரும்பிப் போவதற்கு எனக்கு ஒரு பிரகாரத்தைத் திறந்து வைத்தார்களா. நானோ நேராக அவர்கள் வீட்டு இலையில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, அடுப்பு ஒன்றேதான். என் கை சோற்றுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. சோற்றின் ஆவி உள்ளங்கையில் படுகிறது. கீழே இறக்கவும் முடியவில்லை, மடிக்குக் கொண்டுவரவும் முடியவில்லை.

மதினி கையை இழுத்துக்கொண்டுவிட்டாள். இழுத்த வேகத்தில் வளையல் பலகையில் இடித்தது. கை நனைக்காதே என்று என் காதுக்குள் சொல்கிறாள். சொல்ல வேண்டியதில்லை, எனக்கும் தெரியும். சம்மதம் முடிவாகிறவரை சம்பந்தம் பேசுகிற வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரம் தின்னலாம், சோற்றில் கை நனைக்கக்கூடாது. கை நனைத்துவிட்டால் முடிந்தது, வாய் சொல்லாவிட்டாலும் கை சொல்லிவிட்டது. மதினிக்கு இது வெறும் பேச்சில்லை. அவள் தங்கையைப் பார்க்க வந்தவர்கள் வெயிலில் வந்த களைப்பில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், வீடே சிரித்துக்கொண்டு நின்றது, மறுவாரம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். கை நனைத்த பிறகும் வேண்டாம் என்கிறார்கள் என்றால் பெண்ணிடம் என்ன குறையோ என்று தெருவே பேசியது. அந்தப் பேச்சு அடங்க வருஷங்கள் ஆயிற்று. அதற்குப் பிறகு மதினி நல்லது பேசப் போகிற வீட்டில் தண்ணீரைக்கூட அண்ணாந்துதான் குடிப்பாள். இப்போது அவள் அண்ணனிடம் கிசுகிசுப்பாக வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறாள். அப்பளம் நனையாத பண்டம், அதை விட்டுவிடலாம், ஆனால் துவையலை நக்கினீர்களே, அது அம்மியில் தண்ணீர் விட்டு அரைத்ததல்லவா. அண்ணன் ஒரு விரலைத்தானே நக்கினேன் என்கிறான். ஒரு விரல் கையைச் சேர்ந்ததா இல்லையா என்று கேட்கிறாள். அவன் நெற்றியில் வியர்வை அரும்பியிருக்கிறது, விரல் நடுங்க ஆரம்பித்துவிட்டது. கை நனைஞ்சா என்ன கால் நனைஞ்சா என்ன, எனக்குக் கண்ணைக் கட்டுது என்கிறான். பாவம். மேலே போகவும் முடியாது, இங்கிருந்து அடுத்த கடை சங்கரன்கோவிலில்தான். அடுத்த கடை எங்கே என்று எனக்குத் தெரிவதுதான் இந்த நேரத்திலும் எனக்கு உதவுகிற ஒரே அறிவு.

எழுந்துவிடலாமா. பரிமாறின இலையிலிருந்து எழுந்து போவதை நான் எங்கேயும் செய்ததில்லை. புளித்த சாம்பார் ஊற்றின கடையிலும் செய்ததில்லை. இங்கே எழுந்தால் கொம்பையா பார்ப்பார், சுவரோரம் தலைப்பாகையோடு உட்கார்ந்திருக்கிற உளுந்து வியாபாரிகள் பார்ப்பார்கள், உலகநாதனைப் பார்க்க வந்த பெண் இலையை விட்டு எழுந்து போய்விட்டாள் என்று பொழுது சாய்வதற்குள் சுற்றுப்பட்டி முழுக்கத் தெரிந்துவிடும். முத்துப்பேச்சி அக்கா பட்டுச்சேலையோடு அடுப்படியில் நிற்பாள். சாப்பிட்டுவிட்டுப் பிறகு வேண்டாம் என்று சொன்னால் அதுவும் மதினி தங்கைக்கு நடந்த கதைதான், இந்த முறை குறை ஆண் மேல் விழும், நனைத்துவிட்டுக் கழுவினவள் என்ற பெயர் என் மேல் விழும். ஆக எழவும் கூடாது, தின்னவும் கூடாது. முடிவை இப்போதே, இந்த விரற்கடை உயரத்திலேயே எடுத்துவிட வேண்டும். எனக்கு முடிவெடுக்கப் பயமில்லை. மழைத்தண்ணீர் ஓடுகிற தரைப்பாலத்தில் காரை இறக்கலாமா கூடாதா என்று நின்ற இடத்தில் முடிவெடுத்தவள். பயம் வேறு ஒன்றில் இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இவனைப் பிடிக்கவில்லையா, அப்படியில்லை, தீயலைத் திரும்ப வைத்துக் கொண்டுவந்தவனைப் பிடிக்காமல் போகாது. இந்தக் கடையில் பயமா. ஆமாம், கடையில்தான். இதற்கு முன் வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள், கல்யாணத்துக்குப் பிறகும் இப்படி ஊர் சுற்றுவாளா என்று. நான் சுற்றுவேன் என்றேன், அவர்கள் எழுந்துபோனார்கள், நான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அதில் எனக்கு ஒரு நஷ்டமும் தெரியவில்லை. ஆனால் கடைவீடு வேறு மாதிரி. கடைவீட்டில் யாரும் போகாதே என்று சொல்லமாட்டார்கள். மத்தியானம் தானாக வந்து நிற்கும். தினமும் வரும். இலை போட ஒரு கை வேண்டும், பந்தி முடிகிற நேரத்தில் ஒரு வண்டி நிறைய ஆள் இறங்கும், அவரைக்காய்க்கு நரம்பு எடுக்க வேண்டும். கொஞ்சம் இருந்து கொடேன் என்பார்கள், நான் இருந்து கொடுப்பேன், இருந்து கொடுத்தே உட்கார்ந்துவிடுவேன். கழுகுமலைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இவன் மலைமேல் ஏறியிருக்கமாட்டான் என்று பந்தயம் கட்டுவேன். ஒருநாள் நான் அந்த மலைமேல் இருக்கிற வெட்டுவான் கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்து அடி முடியாமல் விட்டிருக்கிறார்கள், முடித்த கோயில்களைவிட எனக்கு அதுதான் பிடிக்கும் என்று. கை அப்படியே நின்று கேட்டது. போனதில்லையா என்றேன். அக்காதான் உள்ளிருந்து பதில் சொன்னாள், அவன் போனா சோத்தை எவன் போடுவான். அந்தப் பதில் இப்போது மறுபடி காதில் விழுகிறது. அவன் போனால் சோற்றை எவன் போடுவான். நான் போனால்.

கை வலிக்கிறது. தூக்கி வைத்த கை கனக்கும் என்பது தெரியும், இவ்வளவு கனக்கும் என்று தெரியாது. கரண்டி நகர்கிறது. அவன் குழம்பைப் பாத்திரத்துக்கே திருப்பிவிட்டு, பாத்திரத்தைப் பலகையில் வைத்துவிட்டு, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். கிசுகிசுக்கவில்லை. கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, கொம்பையாவுக்குக் குறிப்பாகக் கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னான்.

"மேடம், இது கடை. நீங்க எப்பவும் வாரவங்க. சாப்பிட்டதுக்கு நான் காசு வாங்கிக்கிடுதேன். காசு வாங்குன சோத்துல கை நனைக்கிறதுங்கிற பேச்சே கெடையாது. அண்ணாச்சிக்கு முகம் வாடிப் போச்சு, மொதல்ல சாப்பிடச் சொல்லுங்க. சாயங்காலம் கோயிலுக்கு வாரதும் வராததும் உங்க இஷ்டம்."

அண்ணன் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி சோற்றைப் பிசைந்துவிட்டான். மதினி அவனையும் உலகநாதனையும் மாறி மாறிப் பார்த்தாள், சட்டம் இப்படி ஒரு பக்கம் வளையும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை, ஆனால் குறை சொல்லவும் முடியவில்லை, காசு கொடுத்துத் தின்பது கை நனைப்பதாகாது, அது சரிதான். கொம்பையா சுவரைப் பார்த்துக்கொண்டு பல் குத்துகிறார். எனக்கு வாசல் திறந்துவிட்டது. இந்த ஊருக்குள் வந்த வழியாகவே, யாருக்கும் கெட்ட பெயரில்லாமல், வயிறு நிறைந்து, வெளியே போகிற வாசல். அதை அவன் எல்லோர் முன்னாலும் திறந்து வைத்தான், தன் பக்கத்துக்கு ஒன்றும் மிச்சம் வைத்துக்கொள்ளவில்லை. கோயிலையும்கூட விட்டுக்கொடுத்துவிட்டான். நான் இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் என்னை உட்கார வைக்க வந்தவர்கள். போகலாம் என்று சொன்னவன் இவன் ஒருவன்தான். அதனால் கேட்டுவிட வேண்டும், கேட்காமல் தின்றால் சோறு இறங்காது. நானும் கிசுகிசுக்கவில்லை.

"நான் ரோட்டுல சுத்துறவ. அதை விடமாட்டேன். அது தெரியுமா உங்களுக்கு?"

அவன் யோசிக்கவில்லை.

"நீங்க சுத்தலைன்னா அம்பாசமுத்திரத்துல என்ன குழம்பு வைக்காங்கன்னு எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

அடுப்படியிலிருந்து கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. அக்காவின் தலை வெளியே வந்தது, பூ ஒரு பக்கம் சரிந்திருந்தது. இவ்வளவு நேரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. "ஏளா, ஒன்னைய அடுப்படிக்குக் கேக்கோம்னா நெனச்ச? ஒனக்கு அவரைக்காய்க்கு நரம்பு எடுக்கத் தெரியுமா? ஒன்னைய உள்ள விட்டா என் சட்டிதான் கெடும். ஆளு வேணும்னா சம்பளத்துக்கு வச்சுக்கிட மாட்டமா?" சொல்லிவிட்டுத் தலை உள்ளே போய்விட்டது. உளுந்து வியாபாரி ஒருவர் சிரித்தார், சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார். எனக்கு நரம்பு எடுக்கத் தெரியும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கையை இறக்கினேன்.

சோறு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. இவ்வளவு நேரமும் ஒரு யுகம் ஆன மாதிரி இருந்தது, சோற்றுக்கு அது ஒன்றுமே இல்லை. பருப்பு, நெய், துவையல் ஒரு கிள்ளு, கானம் வறுபட்டிருக்கிற பக்குவத்தில் ஒரு பொட்டுக் குறைவில்லை, மிளகாய் முதலில் வராமல் கடைசியில் வருகிறது. குழம்பு ஊற்றினான், இப்போது சொட்டவில்லை. தின்னத் தின்ன மனசு நேராகிறது. பசியில் ஒரு முடிவும் எடுக்கக்கூடாது என்பதற்காகவே நான் வயலுக்குப் போகும்முன் சாப்பிட்டுவிட்டுப் போகிறவள். சரி, பயத்தைப் பார்த்தாயிற்று, அது அங்கே இல்லை, இனி என்ன. ஆனால் இன்னும் ஏதோ ஒன்று இடறுகிறது, சோற்றுக்குள் கல் மாதிரி, பல்லில் படுகிறது, நாக்கால் தேடினால் அகப்படவில்லை. காசு. காசு வாங்கிக்கொள்கிறேன் என்றானே, அதில்தான் இருக்கிறது. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவளுக்கு ஓர் உரிமை உண்டு, தேங்காய் கருகியிருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். அந்த உரிமையில்தான் இந்த ஜில்லா முழுக்க நான் சாப்பிட்டிருக்கிறேன். சொல்லிவிட்டுக் காசை வைத்துவிட்டுப் போய்விடுவேன், யாருக்கும் யாரும் பாக்கியில்லை. வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளுக்கு அந்த உரிமை கிடையாது. எங்கள் வீட்டில் மதினி வைக்கிற சாம்பாரில் புளி தூக்கல் என்று அண்ணனுக்கு இத்தனை வருஷமாகத் தெரியும், ஒரு நாள் சொன்னதில்லை, ஊறுகாயைத் தேடுவான். எனக்கும் ஊறுகாய் தேடுகிற காலம் வருமா. இவன் தீயலைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்ப வைத்தது வாடிக்கைக்காரி சொன்னாள் என்பதற்காகவா, சொன்னது சரி என்பதற்காகவா. வாடிக்கைக்காரிக்காக என்றால் இந்தச் சோற்றுக்குக் காசு கொடுத்துவிட்டு நான் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், எப்போதும் வாடிக்கைக்காரியாகவே இருக்க வேண்டும், அதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. சரி என்பதற்காக என்றால்.

ரசம் வந்தது. கையைக் குழித்து வாங்கி உறிஞ்சினேன். கொதித்துவிட்டது. ரசம் நுரை கூடி மேலே வரும்போதே இறக்கிவிட வேண்டும், ஒரு கொதி கொதித்தால் போச்சு, மிளகும் சீரகமும் ஆவியோடு போய்விடும், புளித்தண்ணீர்தான் மிச்சம். இந்தக் கடையில் இப்படி ஒரு ரசம் நான் குடித்ததில்லை. கொம்பையா வாயைத் திறந்தபோது, இல்லை, அதற்கும் முன்னால், என் கார் வாசலில் வந்து நின்றபோது அடுப்பில் இருந்திருக்கும். அக்கா அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அண்ணன் ரசம் பிரமாதம் என்கிறான், அவனுக்கு இன்றைக்கு வெந்நீர் ஊற்றினாலும் பிரமாதம்தான். மதினி மோருக்கு வந்துவிட்டாள், மறுசோறு வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இலையைப் பார்க்கிறாள், கேட்காமலே சோறு விழுகிறது, சாப்பிடுகிறாள். உலகநாதன் என் இலைப் பக்கம் வரவில்லை, வாசல் மேசைக்குப் போய்க் காசு டப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டான். காசு வாங்கத்தான் நிற்கிறான். சொன்ன சொல்லுக்கு நிற்கிறான்.

கை கழுவினேன். தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்தது, முழங்கைவரை ஊற்றிக் கழுவினேன், அவசரமில்லை. என் கைப்பை தோளில் இருக்கிறது. அண்ணன் எனக்கு முன்னால் நடந்து மேசைக்குப் போனான், ரத்தம் திரும்பின முகத்தோடு, ஊரிலேயே பெரிய மனுஷன் மாதிரி சட்டைப்பையில் கையை விட்டான், எவ்வளவு ஆச்சு என்று கேட்டான். உலகநாதன் வாயைத் திறந்தான். நான் எட்டி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் வந்த மதினியும் நின்றுவிட்டாள். உலகநாதனின் முகம் இப்போது கண் மட்டத்தில் இருக்கிறது, கரண்டி இல்லை, இலை இல்லை, பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் என்னைப் பார்க்கிறான்.

"ரசம் இன்னைக்குக் கொதிச்சிருச்சு," என்றேன். "நுரை கூடுறப்பவே எறக்கியிருக்கணும்."

அவன் முகம் கொஞ்சமும் சுருங்கவில்லை. திரும்பி அடுப்படியைப் பார்த்து, "அக்கா, நான்தான் அப்பவே சொன்னம்லா," என்றான். உள்ளே ஏதோ ஒரு மூடி கீழே விழுந்து உருண்டது.

நான் அண்ணனின் கையை அவன் சட்டைப்பையிலிருந்து வெளியே எடுத்தேன். டப்பாவைத் தாண்டி, படியிறங்கி, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த காரின் கதவைத் திறந்தேன். அண்ணன் இன்னும் மேசையருகில் நின்றுகொண்டு காசு குடுக்கலையே பிள்ள, காசு குடுக்கலையே என்று சொல்லிக்கொண்டிருந்தான். மதினி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் பார்த்து ஒரு தரம் தலையசைத்தாள், பிறகு அண்ணன் முழங்கையைப் பிடித்தாள்.

"கை நனைச்சாச்சு," என்றாள். "வாங்க."